லேபிளில் இருந்த பிள்ளை

பதிவுத் தபாலில் வருகிற எந்தக் கடிதத்துக்கும் பதினான்கு நாட்களுக்குள் பதில் போட்டுவிடுவது என் பழக்கம். கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தில் முப்பத்தெட்டு வருடம் லிகிதராக இருந்தவன் நான். கடைசி ஏழு வருடம் பிரதம லிகிதர். என் மேசையில் எந்தக் கடிதமும் பதினைந்தாம் நாளைக் கண்டதில்லை. ஆகவே நீங்கள் சென்ற வியாழக்கிழமை வந்து கேட்டதற்கு, எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னதைத் தட்டிக்கழிப்பாக எடுக்க வேண்டாம். எனக்கு எழுத்தில்தான் ஒழுங்காக யோசிக்க வரும்.

இருந்தாலும் இது ஆறாவது நாள். இரண்டு பந்தி எழுதினால் கதிரையில் இருக்க முடிவதில்லை. எழும்பி முற்றத்துக்குப் போகிறேன், கிணற்றடிக்குப் போகிறேன், கை கழுவுகிறேன், திரும்ப வந்து எழுதியதைக் கிழிக்கிறேன். வயது எழுபத்தொன்று. இரத்த அழுத்தமாக இருக்கலாம்.

சட்டத்தரணி கம்சிகா அவர்களே, நீங்கள் மீனாம்பிகைக்காகப் பேச வந்திருக்கிறீர்கள். எனக்கும் அவருடைய நன்மைதான் முக்கியம். அதனால் நாங்கள் இருவரும் ஒரு பக்கம் என்றே நினைத்து இதை எழுதுகிறேன்.

மீனாம்பிகை என் மனைவியின் தங்கை. மனைவி சறோஜினிதேவி போய் நான்கு வருடமாகிறது. நான் ஓய்வு பெற்றபின் எங்கள் தீவிலிருக்கிற சரவணைக்குத் திரும்பி வந்து, மீனாம்பிகையின் வளவுக்குப் பக்கத்து வளவில் வீடு கட்டினோம். இடையில் ஒரு கதியால் வேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடப்பு. அதன் வழியாக அவர் எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு வருவார். நான் அவருக்கு வருகிற ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வேன். வங்கி, மின்சார சபை, பிரதேச செயலகம், எது வந்தாலும் என்னிடம்தான் வரும். இப்போதும் அப்படித்தான்.

அவருக்கு ஒரேயொரு பிள்ளை இருந்தாள். நிசாந்தினி. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் சனமெல்லாம் தீவை விட்டு வெளிக்கிட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஊர்காவற்றுறை யாகப்பு என்பவரின் வள்ளத்தில் கடலைக் கடந்து, அக்கரையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டாள். மறுவருடம் தகப்பனும் போனார். நானும் மனைவியும் அப்போது கொழும்பில். பிள்ளையின் செய்தி எங்களுக்கு வந்து சேர ஒன்றரை மாதம் எடுத்தது.

பல வருடம் கழித்து மீனாம்பிகை ஊருக்கு வந்து பார்த்தபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. பிள்ளையின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் எங்களுக்கு அனுப்பிய கடிதமொன்றில் ஒரு படம் இருந்தது. நாங்கள் வெள்ளவத்தையில் வீடு மாறியபோது அதுவும் தொலைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பினோம். அதனால் மீனாம்பிகை பென்சிலை எடுத்து அந்த முகத்தைத் தானே கீறினார். அவர் சித்திரம் படித்தவர் அல்ல. வேறு எதையும் அவருக்கு வரையத் தெரியாது. ஒரு பூசணிக்காயைக்கூட ஒழுங்காகக் கீற மாட்டார். அந்த ஒரு முகம் மட்டும் கையில் வந்தது. முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு சின்னத் தழும்பு. கிணற்றுக் கட்டில் விழுந்ததால் வந்தது. ஒரு பின்னல் முன்னால், மற்றது பின்னால். அதைக் கண்ணாடி போட்டுச் சாமியறையில் மாட்டி, ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்தார்.

பத்து வருடத்துக்கு முன்னர் அவர் கறித்தூள் அரைத்து விற்கத் தொடங்கினார். உதவிக்கு அஞ்சலா வந்தா. உங்களிடம் இந்த விடயத்தைக் கொண்டு வந்தவ அவதான் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கோபமில்லை. பக்கற்றுக்கு ஒரு படம் வேண்டுமென்று பேச்சு வந்தபோது அஞ்சலாதான் சாமியறையைக் காட்டினா.

"அக்கா, இந்தப் பிள்ளையைப் போடுவம். பாத்தால் கை தன்ரைபாட்டிலை எடுக்கும்."

மீனாம்பிகை ஒரு கிழமை யோசித்தார். பிறகு சொன்னார்: "உயிரோடை இருந்திருந்தால் எங்கையெல்லாமோ போயிருப்பாள். இப்பிடியாவது போய் வரட்டும்."

பிள்ளை நன்றாகவே போய் வந்தாள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் படகேறுகிற சனம், அம்மனிடம் போகிறவர்கள், விகாரைக்குப் போகிற தெற்குச் சனம், எல்லோரும் திரும்பி வரும்போது இரண்டு பக்கற் வாங்கிப் போவார்கள். சாட்டிக் கடற்கரையில் குளிக்க வருகிற குடும்பங்களும் வாங்கின. மீனாம்பிகை சில நாட்களில் தானே இறங்குதுறையில் போய் நிற்பார். பக்கற்றைக் கையில் எடுத்தவர்கள் படத்தைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு வருவார். விற்பனையைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்.

2018 தை மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு கண்காட்சி. எங்களுக்கும் ஒரு மேசை கிடைத்தது. கொழும்பில் குழந்தைகளுக்கான சத்துமா செய்கிற ஒரு கொம்பனியிலிருந்து நிரோஜன் என்ற இளைஞர் வந்தார். நல்ல பிள்ளை. பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் அருமை என்றார். ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பினேன். அவ்வளவுதான் நடந்தது. அல்லது அவ்வளவுதான் நடந்தது என்று வெகுகாலம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதம் வந்தது 2023 ஆவணியில். மீனாம்பிகை கையிலிருந்த மிளகாய்த்தூளைக் கழுவாமலே கடப்பால் வந்தார்.

"அத்தான், இதென்னண்டு ஒருக்காப் பாருங்கோ. இங்கிலிசிலை கிடக்கு."

கொழும்புச் சட்டத்தரணிகளின் கடிதம். ஐந்து பக்கம், பின்னால் இணைப்புகள். நன்றாக எழுதப்பட்ட கடிதம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சத்துமாக் கொம்பனியின் படத்தை மீனாம்பிகை தன் பக்கற்றில் அனுமதியில்லாமல் பாவிக்கிறார், அது புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம், உடனே நிறுத்த வேண்டும், மிச்சமிருக்கிற லேபிள்களை ஒப்படைக்க வேண்டும், பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் உறுதிமொழி தர வேண்டும், தவறினால் வழக்கு. நான் அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அவர் முதலில் விளங்காமல் நின்றார். "அவையின்ரை படமோ? இது என்ரை பிள்ளையெல்லே."

"உமக்கு அப்பிடித்தான் இருக்கும். நீர் வேணுமெண்டு செய்தனீர் எண்டு ஆரும் சொல்லேல்லை. தற்செயலா நடந்திட்டுது எண்டு எழுதுறன். அப்பிடி எழுதினால் பேசாமல் விட்டிடுவினம்."

"தற்செயலா எண்டால் எப்பிடி, அத்தான்? நான் ஒருத்தற்றையும் பாத்துக் கீறேல்லையே."

நியாயமான கேள்வி. காரணம் இல்லாத வசனம் ஒரு கடிதத்தில் நிற்காது. அந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் சற்று யோசித்துவிட்டுக் கலண்டரைச் சொன்னேன்.

"தொண்ணூற்றேழிலை எங்களோடை வெள்ளவத்தையிலை எட்டு மாசம் இருந்தனீரெல்லே. குசினிச் சுவரிலை ஒரு கலண்டர் தொங்கினது ஞாபகமோ? மாக் கொம்பனிக் கலண்டர். அதிலை ஒரு பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிண்டது."

"ஞாபகமில்லையே."

"அடுப்புக்கு நேர் மேலை. நீர் ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னாலை நிண்டுதான் சமைச்சனீர். கண் பாத்திருக்கும். பிறகு கை கீறியிருக்கும். மனிசருக்கு நடக்கிறதுதான்."

அவர் போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. சாப்பாட்டை அஞ்சலாவிடம் கொடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் வந்து, அந்தக் கலண்டரின் ஓரம் எண்ணெய் பட்டு மஞ்சளாக இருந்ததுதானே என்று கேட்டார். ஓம் என்றேன். கீழ் மூலை சுருண்டிருந்ததுதானே என்றார். அதற்கும் ஓம் என்றேன்.

எங்கள் வெள்ளவத்தைக் குசினியில் கலண்டர் ஏதும் இருக்கவில்லை. அடுப்புக்கு மேலே இருந்தது ஒரு யன்னல்.

பதிலை நான் ஒன்பதாம் நாளே தயாரித்துவிட்டேன். மீனாம்பிகை பல வருடங்களுக்கு முன்னர் கொம்பனியின் விளம்பரம் ஒன்றைக் கண்டிருக்கிறார் என்றும், அதன் நினைவில், எந்தக் கெட்ட எண்ணமும் இன்றி, தான் அறியாமலே அதை வரைந்துவிட்டார் என்றும், மனமார வருந்துகிறார் என்றும் எழுதினேன். அவர் தமிழில் கையொப்பமிட்டார். கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. என் உத்தியோக காலத்தில் இதைவிடச் சுத்தமான கடிதம் நான் எழுதியதில்லை.

அடுத்த நாள் காலை அவர் சாமியறையில் கதிரை போட்டு ஏறிப் படத்தைக் கழற்றுவதைக் கண்டேன். தூசி துடைக்கிறார் என்று நினைத்தேன். படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்து, ஒரு தகவல் கேட்பதுபோலக் கேட்டார்:

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஆற்றை பிள்ளைக்கு விளக்கு வைச்சனான், அத்தான்?"

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, பஸ் எடுத்துச் சாட்டிக்குப் போய் வந்தேன். கடற்கரையில் இறங்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

கொம்பனிக்கு அனுப்ப வேண்டிய லேபிள்களை அஞ்சலாதான் கட்டினா. கட்டும்போது என்னிடம் கேட்டா: "ஐயா, எங்கடை முதல் பக்கற் அடிச்ச திகதி என்னட்டைக் கிடக்கு. அவங்கள் எப்ப துவங்கினவங்கள்? அதைக் கேட்டு எழுதினீங்களோ?"

"அது சட்டத்திலை எடுபடாது, பிள்ளை."

"எடுபடாதோ, நீங்கள் எழுதேல்லையோ?"

அஞ்சலா பத்தாம் வகுப்புவரைதான் படித்தவ. ஆனால் நல்ல மூளை. அவ அந்த முதல் பக்கற்றைப் பத்திரமாக வைத்திருந்து உங்களிடம் கொண்டு வந்திருக்கிறா. நீங்கள் அந்தத் திகதியைச் சொல்லிக் கொம்பனிக்கு எழுத, அவர்கள் தங்கள் கடிதத்தோடு வந்த இணைப்பின் பிரதியை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை நீங்கள் என் மேசையில் வைத்தது அதைத்தான். "இந்தக் கையொப்பம் உங்கடையோ, ஐயா?" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் மரியாதை இருந்தது. அதற்கு நன்றி.

ஓம். என்னுடையதுதான்.

கண்காட்சியில் நிரோஜன் படத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டது, இதை வரைந்தது யார் என்று. மீனாம்பிகை எனக்குப் பின்னால் நிலத்தில் இருந்து பக்கற்றுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. நான்தான் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் நான் போட்ட கையொப்பமெல்லாம் 'பணிப்பாளருக்காக' என்ற சொல்லுக்குக் கீழே போட்டவை. அந்த இளைஞர் என்னை ஓவியர் என்று கூப்பிட்டார். கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். படத்தின் சகல உரிமையும் கொம்பனிக்கு. 'ஓவியர்' என்ற சொல்லுக்குக் கீழே என் பெயர் தட்டச்சில் இருந்தது. கையொப்பமிட்டேன். நான் அதற்குப் பணம் வாங்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மீனாம்பிகை கடிதத்தைக் கொண்டு வந்த அன்று, வாசித்துக் காட்டுவதற்கு முன்னரே அந்த ஒப்பந்தம் பின்னால் இணைத்திருந்ததைக் கண்டுவிட்டேன். அவர் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போன நேரத்தில் கழற்றி என் அலுமாரியில் வைத்தேன். அப்போது வேறு வழி தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

விடயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மீனாம்பிகைக்கு இருக்கை கொள்ளவில்லை. பென்சிலை எடுப்பார், தாளில் வைப்பார், கை நிற்கும். அந்தப் பழைய முகம்தான் வருகிறது, அது கலண்டர்ப் பிள்ளை, என் பிள்ளை எங்கே என்று கேட்பார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போகத் தொடங்கினார். பிள்ளையைக் கண்ட பழைய சனம் பலர் செத்துப்போனார்கள், அல்லது கனடாவில். ஒருநாள் யாகப்புவைப் பார்க்கப் போகவேண்டும் என்றார். தனியே விடக்கூடாது என்று நானும் போனேன்.

யாகப்புவுக்கு எண்பது தாண்டியிருந்தது. ஊர்காவற்றுறையில் வீட்டு வாசலில் இருந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார். மீனாம்பிகை அவருக்கு முன்னால் குந்தினார்.

"அண்ணை, தொண்ணூறிலை உங்கடை வள்ளத்திலை வந்தனாங்கள். என்ரை மடியிலை ஒரு பொம்பிளைப்பிள்ளை இருந்தது. ஞாபகமிருக்கோ?"

கிழவர் வலையை மடியில் வைத்தார். "இல்லாமல்? தண்ணிக்குள்ளை கையை விட்டுக்கொண்டு வந்தது. நான் ஏசினனான். என்னைப் பாத்துச் சிரிச்சுது. முன்பல்லு இல்லை." விரலை எடுத்துத் தன் இடது புருவத்தில் வைத்தார். "இதிலை ஒரு வெட்டு."

மீனாம்பிகை அவருடைய முழங்கையைப் பிடித்தார். நான் மீனாம்பிகையின் முகத்தைப் பார்த்தேன். பல கிழமைகளுக்குப் பிறகு அதில் இரத்தம் ஓடியது. அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அண்ணை," என்றேன், "அந்தக் கிழமை எத்தினை பேரை ஏத்தியிருப்பியள்?"

"ஆர் எண்ணினது? இருநூறு பேருக்கு மேலை."

"பிள்ளையளும் கனக்க இருந்திருக்கும்."

"கனக்க."

"உங்கடை வீட்டிலை மீனாம்பிகையின்ரை கறித்தூள்தானே பாவிக்கிறவை?"

"ஓம். மருமோள் அதைத்தான் வாங்குறவ."

"அதிலை இருக்கிற படத்தை நீங்கள் எத்தினை வருசமாப் பாத்திருப்பியள்? முன்பல்லு இல்லை, புருவத்திலை வெட்டு. அந்தப் படம்தான் உங்கடை மனசிலை வந்திருக்கும். வள்ளத்திலை வந்த பிள்ளையாக இருக்காது."

கிழவர் என்னைப் பார்த்தார். பிறகு மீனாம்பிகையைப் பார்த்தார். "இருக்கும், தம்பி," என்றார் கடைசியில். "வயது போட்டுது. ஒண்டோடை ஒண்டு குழம்புது."

மீனாம்பிகை அவருடைய கையை விட்டார். நான் சொன்னதில் பிழையான தர்க்கம் எதுவும் இல்லை. எந்த நீதிமன்றத்திலும் நீங்களும் அதையே கேட்டிருப்பீர்கள்.

பஸ்ஸில் வரும்போது அவர் ஒரேயொரு முறைதான் வாய் திறந்தார்: "கண்ணை மூடினால் கலண்டர்தான் வருகுது, அத்தான். அவள் வாறாள் இல்லை."

பங்குனி மாதம் என் ஓய்வூதியப் பத்திரம் ஒன்றைத் தேடி மனைவியின் றங்குப் பெட்டியைக் குடைந்தேன். அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளுக்குக் கீழே ஒரு கடித உறை இருந்தது. மீனாம்பிகையின் கையெழுத்து. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம். 'அக்கா, நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனனாங்கள். அங்கை எடுத்த படம். நிசாவுக்கு முன்பல்லு இரண்டும் விழுந்திட்டுது, அதுக்கும் சிரிப்புத்தான்.' உள்ளே படம். ஒரு பின்னல் முன்னால், மற்றது பின்னால். புருவத்தில் தழும்பு. மீனாம்பிகை இருபத்தைந்து வருடமாகக் கீறியதற்கும் அதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

என் வாசலிலிருந்து வேலிக் கடப்புக்கு முப்பது அடி இருக்கும். அவர் கிணற்றடியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு றோட்டுக்கு இறங்கினேன். குறிகட்டுவானுக்கு பஸ் வந்தது, ஏறினேன். நயினாதீவுக்குப் படகு நின்றது, அதிலும் ஏறினேன். அக்கரையில் இறங்கிக் கோயிலுக்குப் போகவில்லை. இறங்குதுறையிலேயே நடந்தேன், ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு, அடுத்த படகு வரும்வரை. திரும்பி வரும்போது கடலில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். காற்று கடுமையாக இருந்தது. யாருடைய காலடியிலாவது வந்து விழும். இப்படியே மூன்று தரம் போய் வந்தேன். படகுக்காரர் கடைசி முறை என்னிடம் ரிக்கற் கேட்கவில்லை.

என் யோசனை இதுதான். படத்தைக் கொடுத்தால் கடிதம் பொய் என்று ஆகும். கடிதம் பொய் என்றால் கலண்டரும் பொய். பிறகு அவர் யாரை நம்புவது? கணவர் இல்லை, பிள்ளை இல்லை, அக்கா இல்லை. மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான். பிள்ளையின் முகத்தைத் திருப்பிக் கொடுத்து என்னை அவரிடமிருந்து பறிப்பதா என்று யோசித்தேன். வயதான காலத்தில் ஒரு மனிசிக்கு ஒரு துணை முக்கியம்.

வீட்டுக்கு வந்து குசினி அடுப்பில் எரித்தேன். கடித உறை உடனே பற்றியது. படத்துக்கு இரண்டாவது நெருப்புக்குச்சி தேவைப்பட்டது.

அன்று பின்னேரம் மீனாம்பிகை கடப்பால் வந்தார். நான் பயந்துவிட்டேன், அது உண்மை. ஆனால் அவர் கையில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும்தான் இருந்தன. எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அத்தான், எண்பத்தொன்பதிலை ஊருக்கு வந்த நேரம் நீங்கள் பிள்ளையைக் கண்டனீங்கள்தானே. தூக்கியும் வைச்சிருந்தனீங்கள். எனக்கு எல்லாம் அழிஞ்சுபோச்சு. நீங்கள் சொல்லுங்கோ, நான் கீறுறன். எப்பிடி இருந்தவள்?"

அதற்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மூன்று கிழமை எடுத்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலம், தேத்தண்ணி குடித்த பிறகு. கன்னம் இன்னும் கொஞ்சம் உருண்டை என்பேன், அழித்துவிட்டுக் கீறுவார். பல் வரிசை நிறைவாக இருந்தது என்றேன். "விழேல்லையோ?" என்று ஒரு முறை கேட்டார். இல்லை என்றேன். மயிரைப் பின்னாமல் கட்டையாக வெட்டியிருந்தது என்றேன். புருவம் இரண்டும் வடிவாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன என்றேன். அவர் கை முதலில் மறுத்தது. பழைய முகத்துக்கே போனது. நான் பக்கத்தில் இருந்து திருத்தினேன். இருபதாம் நாளளவில் கை பழகிவிட்டது.

உங்கள் கேள்விக்கு இதுதான் என் முழுப் பதில். கையொப்பம் என்னுடையது, கடிதம் என்னுடையது, கலண்டர் என்னுடையது. யாகப்பு சொன்னது சரி. உண்மையான படம் என்னிடம் இருந்தது, அதை நான் எரித்தேன். இதை வைத்து நீங்கள் கொம்பனியிடமிருந்து பழைய படத்தை மீட்கலாம். சட்டப்படி முடியும் என்றுதான் நினைக்கிறேன். மீட்டால் மீனாம்பிகைக்கு என்ன சொல்வீர்கள் என்பதை மட்டும் யோசியுங்கள்.

நான் இப்போதெல்லாம் ஒரு இடத்தில் அரை மணித்தியாலம் இருக்க மாட்டேன். அது என் பாடு. அவர் நன்றாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். புதுப் படத்தைக் கண்ணாடி போட்டுச் சாமியறையில் மாட்டியிருக்கிறார். நேற்று விளக்கேற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "வடிவான பிள்ளை, என்ன அத்தான்?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அப்படி ஒரு பிள்ளை எங்கும் பிறக்கவில்லை. மூக்கு, கன்னம், பல், புருவம் என்று ஒவ்வொன்றையும் கொம்பனியின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றும் ஒத்துப்போகாதபடிதான் அவருக்குச் சொன்னேன். இனி இந்தப் பிள்ளை தங்களுடையது என்று யாரும் மீனாம்பிகைக்குக் கடிதம் போட முடியாது.